என் பெயரில் போன முதல் புத்தகம்

ஜனவரி பிறந்தால் எனக்கு ஒரு கவலை பிடித்துக்கொள்ளும். காரணம் ஒரு புத்தகம்.

எங்கள் ஊர் நூலகத்தில் ஒரு வாசிப்புக் குழு கூடுகிறது. வருடத்துக்கு இருபத்து நான்கு புத்தகம் படிப்பேன் என்று ஒவ்வொருவரும் சவால் ஏற்க வேண்டும். பொங்கலுக்குள் முதல் புத்தகத்தின் அட்டையைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டு, ஏன் இதில் தொடங்குகிறேன் என்று இரண்டு வரி எழுத வேண்டும். சட்டம் அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு படத்துக்காக எங்கள் விருத்தாசலத்துப் படிப்பாளிகள் படும் பாட்டைப் பார்க்க வேண்டுமே! மெலிந்த புத்தகம் போட்டால் சோம்பேறி. எல்லாருக்கும் தெரிந்த புத்தகம் போட்டால் ரசனை இல்லாதவன். பெண் பார்க்கப் போகிறவன்கூட சட்டை எடுக்க இவ்வளவு யோசிக்க மாட்டான்.

குழுவில் ஆசிரியர்கள் உண்டு, வங்கியில் வேலை பார்ப்பவர்கள் உண்டு. தலைவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். நான் செராமிக் கம்பெனியில் வேலை பார்ப்பவன். சூளையிலிருந்து வெந்து வரும் ஃபியூஸ் கட்டைகளையும் ஊறுகாய் ஜாடிகளையும் விரலால் தட்டிப் பார்த்து, நல்லது ஒரு பக்கம், விரிசல் விட்டது ஒரு பக்கம் என்று பிரிப்பது என் வேலை. நல்ல பீங்கான் 'டிங்' என்று சொல்லும். விரிசல் விட்டது வாய்க்குள்ளேயே முனகும். சூளையைத் திறந்ததும் முதலில் கையில் வருவது எப்படிச் சத்தம் கொடுக்கிறதோ, அன்றைய சரக்கு முழுவதும் அப்படித்தான் என்று எங்களுக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்பைத்தான் நான் நூலகத்துக்கும் தூக்கிக்கொண்டு போனேன். முதல் புத்தகம் கனமாக இருந்துவிட்டால், அப்புறம் வருடம் முழுக்க என்னை யாரும் தட்டிப் பார்க்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன்.

போன வருடம் ஜனவரியில் அப்படித் தேடி எடுத்ததுதான் அந்த மொழிபெயர்ப்பு நாவல். எண்ணூறு பக்கத்துக்கு மேல். உப்பு ஏற்றும் ஒரு துறைமுக ஊரில் ஒரு குடும்பம் நொடித்துப்போகும் கதை என்று பின்னட்டை சொன்னது. பழக்க தோஷத்தில் அட்டையை இரண்டு தட்டுத் தட்டினேன். நூலகர் சிரித்துவிட்டார். "சத்தம் எப்படி இருக்குது, எடுத்துக்கலாமா?" என்று கேட்டார். நானும் சிரித்து வைத்தேன். படம் போட்டேன். "மனித வாழ்வின் ஆழத்தைத் தேடி" என்று ஒரு வரியும் எழுதினேன். தலைமையாசிரியர் கைகூப்பும் பொம்மை மூன்று அனுப்பினார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

நாற்பத்தோராம் பக்கத்தில் படுத்துவிட்டேன். யார் யாருக்கு மாமன், யார் யாருக்குச் சித்தப்பன் என்றே பிடிபடவில்லை. புத்தகம் டிவிக்குப் பக்கத்தில் கிடந்தது. என் மனைவி எடுத்துப் படிக்கத் தொடங்கியது எனக்குத் தெரியவே தெரியாது.

அவள் பத்தாவது வரை படித்தவள். வேறொரு செராமிக் கம்பெனியில் பொம்மைப் பிரிவில் வேலை. பொம்மையை இரண்டு பாதி அச்சில் வார்ப்பார்கள். அச்சைப் பிரித்தால், இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் பக்கவாட்டில் ஒரு மெல்லிய கோடு நிற்கும். மண் காய்வதற்குள் ஈர ஸ்பாஞ்சால் தேய்த்து அந்தக் கோட்டை மறைப்பதுதான் அவள் வேலை. தேய்க்காமல் விட்டால் சூளையில் வெந்த பிறகும் அப்படியே காட்டிக்கொடுக்கும். நாள் முழுக்க ஈரத்தில் ஊறி வருவதால், வீட்டில் பக்கம் புரட்டும்போது விரலை ஒருமுறை சேலையில் துடைத்துக்கொள்வாள். நூலகப் புத்தகமாயிற்றே என்று.

சாயங்காலம் தோசை ஊற்றிக்கொண்டே எனக்குக் கதை சொல்வாள். நான் போனைப் பார்த்துக்கொண்டே 'உம்' கொட்டுவேன். ஒரு நாள் தோசைக் கரண்டியோடு திரும்பிச் சொன்னாள்:

"அந்த மாமங்காரன் முன்னூறு பக்கமா அயோக்கியனா இருக்கறான். அவங்க அம்மா செத்ததும் ஒரே ராத்திரியில நல்லவனாயிடறான். அச்சு சேர்ற எடத்துல கோடு தெரியுதுங்க. தேய்க்காம வுட்டுட்டாங்க."

என் கை போனில் தானாக நகர்ந்தது. "இந்த நாவலில் இரண்டு அச்சுகள் சேரும் இடத்தில் கோடு தெரிகிறது. ஆசிரியர் தேய்க்க மறந்துவிட்டார்" என்று குழுவில் போட்டேன். தோசை வெந்து தட்டுக்கு வருவதற்குள் பாராட்டு மழை. "உங்கள் தொழிலிலிருந்தே ஒரு விமர்சன மொழியைக் கண்டெடுத்திருக்கிறீர்கள் சார்" என்று தலைமையாசிரியர் எழுதினார். என் தொழிலாம்! நான் பொம்மை அச்சைத் தொட்டே பல வருடம் ஆகிறது.

அதன் பிறகு போனைப் பார்ப்பதுபோல் உட்கார்ந்து அவள் சொல்வதையெல்லாம் எழுதிக்கொண்டேன். வெட்கமே இல்லாமல் எழுதிக்கொண்டேன். முடிவை மட்டும் அவள் சொல்லவில்லை. "அத மட்டும் நீங்களே படிங்க. நான் சொன்னா நல்லா இருக்காது" என்றுவிட்டாள். நான் படிக்கவில்லை.

குழுவின் ஆண்டுக் கூட்டம் டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நூலகத்தில் நடந்தது. அந்த நாவலைப் பற்றி என்னைப் பேசச் சொன்னார்கள். கிளம்பும்போது அவள், "நானும் வரட்டுமா?" என்று கேட்டாள். "மெம்பருங்க மட்டுந்தான்" என்றேன். அப்படி எந்தச் சட்டமும் கிடையாது.

பேச்சு நன்றாகத்தான் போனது. அச்சும் கோடும் பற்றிச் சொல்ல வாயெடுத்த நேரத்தில், வாசலை ஒட்டிய செய்தித்தாள் மேஜைக்குப் பக்கத்தில் அவள் நிற்பதைப் பார்த்தேன். கையில் என் கண்ணாடிக் கூடு. மறந்து வைத்துவிட்டு வந்திருக்கிறேன். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். "இதைச் சொன்னது அதோ நிற்கிறாளே, அவள்தான்" என்று கை காட்டியிருக்கலாம். ஐந்து வினாடி வேலை. நான் நிறுத்தவில்லை. அவள் சொன்ன வார்த்தையை அவள் முகத்துக்கு எதிரிலேயே என் வார்த்தையாகச் சொல்லி முடித்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். அவளும் கண்ணாடிக் கூட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டினாள்.

அப்புறம் திட்டக்குடியிலிருந்து பஸ் பிடித்து வரும் ஒரு டீச்சர் எழுந்தார். "மூத்த மகள் கடைசியில எடுக்கற முடிவ நீங்க ஏத்துக்கறீங்களா சார்?" என்றார். மூத்த மகள் என்ன முடிவெடுத்தாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? திருதிருவென்று விழித்தேன். பிறகு, "அதை ஒவ்வொரு வாசகரின் மனத்துக்கே விட்டுவிடுவதுதான் நியாயம்" என்று ஒரு போடு போட்டேன். எல்லோரும் தலையாட்டினார்கள். வாசலில் அவள் மட்டும் தலையாட்டவில்லை.

கூட்டம் கலையும்போது அவள் வந்து கண்ணாடியைக் கொடுத்தாள். தலைமையாசிரியர் மரியாதையாக எழுந்து, "வீட்டம்மாங்களா? வாங்கம்மா. நீங்களும் புத்தகம் படிப்பீங்களா?" என்று கேட்டார். அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"அவங்களுக்கு எங்க சார் நேரம்."

திறந்த வாயை மூடிக்கொண்டு அவள் சிரித்தாள். "கண்ணாடி குடுக்க வந்தேங்க" என்றாள். சூளையில் வேலை பார்த்தவன் நான், சூடு எனக்குப் புதிதல்ல. அன்று காது மடல் எரிந்தது போல் அதற்கு முன் எரிந்ததில்லை. இதை எழுதும்போதும் எரிகிறது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது என்று எழுதுவது சுலபம். ஆனால் அந்த நாக்கு அன்றைக்கு மத்தியானம் ருசித்துச் சாப்பிடத்தான் செய்தது.

வண்டியில் வரும்போது திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லிச் சரிக்கட்டிவிடலாம். ஜங்ஷன் ரோடு தாண்டியதும் என் முதுகுக்குப் பின்னாலிருந்து சொன்னாள்:

"நான் பேசறது ஒங்க காதுலயே விழலன்னு இத்தினி நாளா நெனச்சிக்கிட்டிருந்தேன். ஒரு வார்த்த வுடாம ஞாபகம் வெச்சிருக்கீங்க."

அவள் குரலில் சந்தோஷம் இருந்தது. உண்மையான சந்தோஷம். திருடனைப் பார்த்து, என் வீட்டுச் சாமானை இவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறாயே என்று சொன்னால் அவன் என்ன செய்வான்? நான் ஹாரன் அடித்தேன். எதிரில் யாரும் இல்லை.

வீடு வந்து இறங்கியதும் கேட்டாள். "வர்ற வருசம் என்னையும் குரூப்புல சேத்து வுடுங்களேன். நானும் ஒரு போட்டோ போடறேன்."

அவள் குழுவில் சேர்ந்து நாலு வரி எழுதினால் போதும். போன வருடம் முழுக்கப் பேசியது யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். "குரூப்பு நெறஞ்சி போச்சி. புதுசா யாரையும் சேக்கறதில்ல" என்றேன். "சரிங்க" என்று உள்ளே போனாள். குழுவில் இடம் நிறைய இருந்தது. இப்போதும் இருக்கிறது.

இந்த ஜனவரியில் புத்தகம் எடுக்க அவளும் நூலகத்துக்கு வந்தாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் வழக்கம்போல் தடித்த புத்தகங்களின் பக்கம் நின்றேன். அவள் ஒவ்வொரு வரிசையாக நின்று, எடுத்து, முதல் பக்கம் படித்து, வைத்து, மறுபடி எடுத்து, ஒரு மணி நேரம் ஆக்கினாள். இவளுக்கு என்ன இவ்வளவு யோசனை என்று எனக்கு எரிச்சல்கூட வந்தது. கடைசியில் நூற்றைம்பது பக்கம்கூடத் தேறாத ஒரு நாவலைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள்.

"இத போடுங்க."

"நீ படிக்கறதுக்கா?"

"ஒங்க பேர்லயே போடுங்க. நான் படிச்சி சொல்றேன். இந்த வாட்டி கடைசி வரைக்கும் சொல்லிடறேன். அந்த டீச்சர் கேட்டா முழிக்க வேணாம்."

குத்தலே இல்லை. கோபமும் இல்லை. மழை வரும்போல இருக்கிறது, குடை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்கிற குரல். எல்லாம் தெரிந்தே கேட்கிறாள். இந்த ஊரில் ஒரு புத்தகத்தைப் பற்றி அவள் பேசுவதற்கு இருக்கிற ஒரே வழி என் பெயர்தான் என்று அவளுக்குப் புரிந்திருந்தது. அதைப் புரியவைத்தவன் நான்.

இந்த இடத்தில் நான் திருந்தினேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. படம் எடுத்தேன். போட்டேன். ஏன் இதில் தொடங்குகிறேன் என்ற இரண்டு வரியையும் அவளே சொன்னாள், நான் அடித்தேன். நூலகப் படியில் இறங்குவதற்குள் தலைமையாசிரியரின் பதில் வந்துவிட்டது.

"என்ன சொல்றாங்க?" என்று என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். வெயிலில் அவளுக்குத் திரை தெரியவில்லை.

"அருமையான தேர்வு சார்" என்று எழுதியிருந்தார். 'சார்' என்பதை விட்டுவிட்டு அவளுக்குப் படித்துக் காட்டினேன்.