வீடு குடுத்தாச்சு என்று சொன்ன நாள்

கொள்ளுப்பிட்டியில் நான் வேலை பார்த்த பயண முகவர் நிலையம் மூடப்பட்டபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. பதினான்கு வருடங்கள் அடுத்தவர்களுக்கு விமானச்சீட்டுப் போட்டுக் கொடுத்திருந்தேன். கொரோனாக் காலத்தில் யாரும் எங்கும் பறக்கவில்லை. முதலாளி எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, முகத்தைப் பார்க்காமலே நன்றி சொல்லி அனுப்பினார்.

அடுத்த வருடம், வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் எதிர்வீட்டில் இருந்த குடும்பம் கனடாவுக்குப் புறப்பட்டது. போகிற அன்று அந்த அக்கா வீட்டுத் திறப்புக் கொத்தை என் கையில் வைத்தார்.

"தங்கச்சி, உங்களை நம்பித்தான் விட்டிட்டுப் போறம். நல்ல ஆக்களாப் பாத்துக் குடுத்துவிடுங்கோ."

மூன்று வாரத்தில் ஒரு புதுமணத் தம்பதியை அந்த வீட்டில் குடியமர்த்தினேன். கொமிஷன் கிடைத்தது உண்மைதான். ஆனால் என்னை இந்தத் தொழிலுக்குள் இழுத்தது வேறொன்று. அந்தப் பெண் வெறும் வீட்டுக்குள் நடந்து நடந்து, "இதில மேசை, இதில கட்டில்" என்று கையால் காட்டிக்கொண்டிருந்தாள். ஒன்றுமில்லாத இடத்தில் அவளுக்கு எல்லாம் தெரிந்தது. நான் விற்ற ஆயிரம் விமானச்சீட்டுகளில் ஒன்றுகூட அப்படி ஒரு முகத்தை எனக்குக் காட்டியதில்லை. இதையே செய்யலாம் என்று அன்று முடிவெடுத்தேன்.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

"படிச்ச பிள்ளை நீ. மகள் என்ன செய்யிறா எண்டு கோயில்ல ஆரும் கேட்டா, வீட்டுப் புறோக்கர் எண்டே சொல்லுறது?"

"ஏஜென்ட் எண்டு சொல்லுங்கோ அம்மா."

"ரெண்டும் ஒண்டுதான்," என்றார் அம்மா.

முதல் வருடம் அம்மா சொன்னதுதான் சரியோ என்று பல தடவை நினைத்தேன். லிப்ட் வேலை செய்யாத கட்டடங்களில் ஆறு மாடி ஏறிப்போய்க் காத்திருப்பேன். வருகிறோம் என்றவர்கள் வரமாட்டார்கள். நான் வீடு காட்டிவிட்டு இறங்கிய குடும்பத்தை ஒழுங்கை முனையில் மறித்து, "இதைவிட நல்லதா நான் காட்டுறன்" என்று கூட்டிக்கொண்டு போனார் ஒரு பழைய தரகர். காலி வீதித் தேநீர்க் கடையில் நிற்கும் அவருடைய கூட்டாளிகள் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்துவார்கள். பெற்றோலுக்கு வரிசை நின்ற காலத்தில் பம்பலப்பிட்டியிலிருந்து தெஹிவளை வரை நடந்தே வீடுகள் பார்த்தேன். செருப்பு இரண்டு தடவை அறுந்தது. விடவில்லை. அதே நெருக்கடியால் நாட்டை விட்டுப் போகக்கூடியவர்கள் எல்லாரும் போகத் தொடங்கினார்கள். அவர்கள் போகப் போக என்னிடம் திறப்புகள் சேர்ந்தன. ஒரு கட்டத்தில் பதினொரு வீடுகள் என் பொறுப்பில் இருந்தன. சொந்தக்காரர்கள் லண்டனிலும் டொரன்டோவிலும் சிட்னியிலும் இருந்தார்கள்.

எல்லாரும் "நல்ல ஆக்கள்" என்றுதான் கேட்டார்கள். அதற்குள் என்ன இருக்கிறது என்று போகப் போகத்தான் எனக்கு விளங்கியது. மாட்டிறைச்சி சமைக்காத ஆட்கள். தனியாக இருக்கும் பெண்கள் வேண்டாம். முஸ்லிம்கள் வேண்டாம். சிலர் இன்னும் குரலைத் தாழ்த்தி, "எந்தப் பக்கத்து ஆக்கள் எண்டு கேட்டனீங்களோ?" என்பார்கள்; ஊரையும் சாதியையும்தான் அப்படிக் கேட்பது. நான் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. அவர்களுடைய வீடு, அவர்களுடைய விருப்பம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆகாதவர்களுக்குச் சொல்ல ஒரு வசனம் வைத்திருந்தேன்: "வீடு குடுத்தாச்சு."

அந்த வசனம் எனக்குப் புதிதல்ல. எனக்குப் பதினாறு வயதில், சண்டைக் காலத்தில், அம்மாவும் நானும் தெஹிவளையில் ஒரு வீட்டின் பின்பக்க அறைகளை வாடகைக்குக் கேட்டுப் போனோம். 'வாடகைக்கு' என்ற பலகை கேற்றில் தொங்கியது. உள்ளே இருந்து வந்த சிங்கள அம்மா சிரித்துக்கொண்டே வந்தார். அம்மாவின் பொட்டைக் கண்டதும் சிரிப்பு நின்றது. வீடு நேற்றே கொடுத்தாயிற்று என்றார். திரும்பி நடக்கும்போது அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். இதை மறந்துதான் நான் தொழில் செய்தேன் என்று சொன்னால் பொய். மறக்கவில்லை. அது வேறு, இது வேறு என்று வைத்திருந்தேன்.

ஒரு நாள் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு குடும்பம் வீடு கேட்டு வந்தது. கணவர் ஒரு மருந்துக் கடையில் வேலை. மனைவி பாலர் பாடசாலை ஆசிரியை. பத்து வயதில் ஒரு மகள். ஒரு கடையின் மேல்மாடியில் ஒற்றை அறையில் இருந்தார்கள். துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லொறிகள் நாள் முழுக்க ஓடும் வீதி அது. பிள்ளைக்கு மூச்சிழுப்பு. காற்று வருகிற இடமாகப் பாருங்கள் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அதே நேரம் பிள்ளை புலமைப்பரிசில் பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்து, எங்கள் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் இடமும் கிடைத்திருந்தது.

நான்காம் மாடியில், லண்டன்காரர் ஒருவருடைய இரண்டு அறை வீட்டைக் காட்டினேன். குசினி ஜன்னலால் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு முழ அகலத்துக்குக் கடல் தெரியும். பிள்ளை சின்ன அறைக்குள் ஓடிப் போய் நின்று, "அம்மா, இது எனக்கா?" என்று கேட்டாள்.

தாய் சிரித்தார். கைப்பையிலிருந்து தையல் நாடாவை எடுத்து ஜன்னலை அளந்தார். "திரைச்சீலை இருக்குங்க அக்கா. கொஞ்சம் கட்டையா வரும். கீழ ஒரு துண்டு வச்சுத் தச்சுக்கலாம்."

அவருடைய பேச்சை நான் முதல் போனிலேயே கவனித்திருந்தேன். ஊர் ஹட்டன் பக்கம். தாய் தகப்பன் இன்னும் தேயிலைத் தோட்டத்தில்தான் என்று அவரும் மறைக்காமல் சொல்லியிருந்தார். அதனால் அன்று இறங்கும்போது படியில் வைத்து ஒரு புத்தி சொன்னேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

"ஓனர் வீடியோ கோல் எடுத்தால் நீங்கள் கதைக்க வேண்டாம். நான் கதைக்கிறன். ஊர் கேட்டால் கொழும்பு எண்டு மட்டும் சொல்லுங்கோ."

அவர் ஒரு படியில் நின்றார். "ஏன் அக்கா?"

"சும்மாதான். சில ஆக்கள் தேவையில்லாமல் கேள்வி கேப்பினம்."

"நாங்க கொழும்புக்கு வந்து பன்னெண்டு வருஷமாச்சு. ஆனா ஊரு கேட்டா ஊரத்தான் சொல்லுவோம்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

அன்று பின்னேரம் லண்டன்காரரோடு கதைத்தேன். ஒழுங்கான சம்பளம், ஒரே பிள்ளை, ஒரு வருட முன்பணம் தரத் தயார் என்றெல்லாம் சொன்னேன். அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: எந்தப் பக்கத்து ஆக்கள்? நானும் பொய் சொல்லவில்லை; ஹட்டன் தோட்டப் பக்கம் என்றேன். அந்தப் பெண் படியில் நின்ற விதம் மனதில் இருந்தது.

"அதெல்லாம் சரிவராது பிள்ளை," என்றார். "நாளைக்கு எங்கட சொந்தக்காரர் வந்து நிண்டால் என்ன நினைப்பினம்? வேற ஆக்களைப் பாருங்கோ."

"நல்ல குடும்பம் அண்ணை."

"நான் இல்லையெண்டு சொல்லேல்லையே. வேற ஆக்களைப் பாருங்கோ."

அவருடைய மூன்று வீடுகள் என் பொறுப்பில் இருந்தன. சரி அண்ணை என்றேன்.

அடுத்த நாள் காலை அந்தப் பெண்ணுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். "மன்னிக்கோணும். ஓனர் தன்ர சிநேகிதர் ஒராளுக்குச் சொல்லிப்போட்டார். வீடு குடுத்தாச்சு."

போனில், அவருக்குப் பின்னால் லொறி ஒன்று போவது கேட்டது. "சரிங்க அக்கா. மகள்கிட்ட சொல்லிர்றேன்," என்றார்.

நான்கு நாள் கழித்து, தெரியாத இலக்கத்திலிருந்து ஓர் அழைப்பு. யாழ்ப்பாணத்துப் பேச்சுள்ள ஓர் ஆண். இணையத்தில் விளம்பரம் பார்த்ததாகச் சொன்னார். நான்காம் மாடி, இரண்டு அறை, கடல் தெரியும் வீடு.

"இன்னும் இருக்கோ?"

"ஓம், இருக்கு," என்றேன். "எப்ப வந்து பாக்கப் போறீங்கள்? நீங்கள் எந்த ஊர்?"

"சுன்னாகம்."

"நல்லது. நாளைக்குப் பின்னேரம் வாங்கோ."

போன் கை மாறியது தெரிந்தது.

"அக்கா, நான்தான் பேசுறேன்." அந்தப் பெண்ணின் குரல். "இவரு எங்க வீட்டுக்காரரோட கடையில வேலை செய்றவரு. கோவிச்சுக்காதீங்க. எனக்குத் தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சு. அவ்வளவுதான்."

லண்டன்காரர்தான் சொன்னார், நான் என்ன செய்ய என்று சொல்லியிருக்கலாம். மன்னியுங்கோ என்றாவது சொல்லியிருக்கலாம். போனைக் காதில் வைத்தபடியே நின்றேன். அவர்தான் வைத்தார்.

அதன் பிறகு நான் செய்த முதல் வேலை, அந்த விளம்பரத்தை இணையத்திலிருந்து நீக்கியது. வெட்கத்தால் அல்ல. இனி வேறு யாரும் என்னை அப்படிப் பிடிக்கக் கூடாது என்பதற்காக. அதை இங்கே எழுதாவிட்டால் இந்தக் கதையில் பாதிதான் உண்மையாக இருக்கும்.

வீடு இரண்டரை மாதம் பூட்டிக் கிடந்தது. பிறகு ஒரு வங்கி முகாமையாளர் வந்தார். லண்டன்காரர் என்னைப் பாராட்டி வட்ஸ்அப்பில் கைகூப்பும் படம் அனுப்பினார். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஆனாலும் தொழிலை விடவில்லை. அம்மாவின் மருந்து, வீட்டுச் செலவு என்று காரணங்கள் இருந்தன. அவை உண்மையான காரணங்கள். ஆனால் தொழிலை விடாமலே அந்த ஒரு வசனத்தை விட்டிருக்கலாம் என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. இன்னும் எத்தனை பேருக்கு அதைச் சொன்னேன் என்று எண்ணிப் பார்க்க மனமில்லை.

இரண்டு வருடம் கழித்து, கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய வீட்டை விற்றுத் தரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பார்த்துவிட்டு பஸ் நிலையத்துக்கு நடந்தபோது, பாலர் பாடசாலை வாசலில் சின்னப் பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தாய்மாரிடம் கொடுத்துக்கொண்டு நின்றார் அந்தப் பெண். வீதியைக் கடந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதற்குள் அவர் கண்டுவிட்டார்.

"அக்கா, எப்படி இருக்கீங்க?"

கடைசிப் பிள்ளை போகும் வரை நின்றேன். மகளைப் பற்றிக் கேட்டேன்.

"உங்க பக்கத்து ஸ்கூலுக்கே ஒரு வருஷம் ஸ்கூல் வான்ல அனுப்பினோம். விடிய அஞ்சரைக்கே போகணும். பஸ், வான் புகையில மூச்சு இழுத்து இழுத்து, மாசத்துல ரெண்டு தடவ ஆஸ்பத்திரி. பொறவு இங்கயே மாத்திட்டோம். இங்கயும் நல்லாத்தான் படிக்கிறா."

"என்னிட்டை இப்ப தெஹிவளையில ஒரு வீடு இருக்கு," என்றேன். அவசரமாகச் சொன்னது எனக்கே கேட்டது. "நல்ல காத்து. ஓனர் ஒண்டும் கேக்கமாட்டார். கொமிஷன் வேண்டாம்."

அவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "வேணாங்க அக்கா. பிள்ளைக்கு இங்க கூட்டாளிங்க சேர்ந்துட்டாங்க."

அப்போதுதான் சொன்னேன். "அண்டைக்கு நான் செய்தது பிழை. உங்களுக்கு என்னில கோபம் இருக்கும்."

அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார். "அந்த ஓனர நான் பாத்ததே இல்ல. அவர்மேல எனக்கு என்ன இருக்கு? நீங்க நான் ஜன்னல் அளந்தப்ப பக்கத்துல நின்னீங்க. உண்மையச் சொல்லியிருந்தா அழுதிருப்பேன், அப்புறம் வேற இடம் தேடியிருப்பேன். நீங்க சொன்னத நம்பி, இன்னும் நல்ல வீடா நீங்களே காட்டுவீங்கன்னு நாலு நாள் காத்திருந்தேன்."

பாடசாலையைப் பூட்ட வேண்டும் என்று அவர் உள்ளே போனார்.

இப்போது வீட்டுக்காரர்கள் அந்தக் கேள்வியைக் கேட்டால், என்னால் முடியாது, வேறு ஆளைப் பாருங்கோ என்கிறேன். லண்டன்காரர் தன் மூன்று வீடுகளையும் அந்தப் பழைய தரகரிடம் கொடுத்துவிட்டார். வேறு இரண்டு வீட்டுக்காரர்களும் என்னை விட்டுப் போய்விட்டார்கள். மிச்சமிருக்கும் வீடுகளில் எல்லா விதமான ஆட்களும் இருக்கிறார்கள். அதில் பெருமைப்பட எனக்கு உரிமை இருப்பதாகத் தெரியவில்லை. அந்தப் பிள்ளைக்கு இப்போது பதின்மூன்று வயது இருக்கும். அவளுக்குக் காற்று வேண்டியிருந்த வருடத்தில் நான் இந்த 'முடியாது' என்பதைச் சொல்லவில்லை.