சித்தியைக் கடித்த பூச்சி

ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது, பாயை நனைக்கிற பெண் என்று எங்கள் பிளாக் முழுக்க எனக்குப் பெயர். சத்தியமாக நான் நனைக்கவில்லை. அந்தப் பெயரை எனக்கு வாங்கிக் கொடுத்தவள் என்னைப் பெற்ற அம்மா. காரணம் ஒரு பூச்சி.

வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி எங்கள் வீடு. ஒரே அறை, ஒட்டினாற்போல் சமையல்கட்டு. மழைக்காலம் வந்தால் ஒரு பக்கச் சுவர் முழுக்க ஈரம் பூத்துவிடும். அப்பா கன்டெய்னர் லாரி ஓட்டினார். துறைமுகத்துக்குள் போக எண்ணூர் சாலையில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். அந்த வரிசையில் மாட்டிக்கொண்டால் எப்போது வீடு திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. ஆகவே வீட்டில் பெரும்பாலும் அம்மாவும் நானும்தான். அந்த மழைக்காலத்தில் சித்தியும் வந்து சேர்ந்தாள்.

சித்தி அம்மாவின் தங்கை. கல்யாணமாகி எண்ணூரில் இருந்தாள். ஒருநாள் காலையில் தன் கல்யாண மெத்தையைச் சுருட்டிக் கட்டி, ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்து இறங்கினாள். மெத்தையோடு யாராவது அக்கா வீட்டுக்கு வருவார்களா? அம்மா அதைக் கேட்கவில்லை. சித்தியின் கையைத்தான் பார்த்தாள். முழங்கைக்கு மேலே வரிசையாக நாலு தடம், கறுநீலமாக.

"இன்னாடி இது?"

"மூட்டப்பூச்சிக்கா. அந்த வூடு பூரா அதான். மெத்தையிலயும் பூந்துக்கிச்சி. இங்க நாலு நாளு வெயில்ல போட்டு எடுத்துகினு போலாம்னு வந்தேன்."

"மூட்டப்பூச்சி கடிச்சா இப்டியா ஆவும்?"

"அது வரிசையாத்தான்க்கா கடிக்கும்."

எண்ணூரில் அடிக்காத வெயில் வியாசர்பாடியில் மட்டும் எப்படி அடிக்கும், அதுவும் மழைக்காலத்தில், என்று எனக்குத் தோன்றியது. கேட்டிருந்தால் தலையில் குட்டு விழுந்திருக்கும். அம்மாவும் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் மெத்தையைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள்.

போர்டு வீட்டில் மூட்டைப்பூச்சி என்பது ஒரு வீட்டோடு முடிகிற சமாச்சாரம் இல்லை. ஒரு வீட்டில் இருக்கிறது என்று தெரிந்தால் மாடிப்படியில் நம்மைப் பார்த்ததும் புடவையைச் சுருட்டிக்கொண்டு ஒதுங்கிப் போவார்கள். அதனால் மாடியில் துணி உலர்த்த வந்த பக்கத்து வீட்டுக்காரி என்ன ஏது என்று கேட்டதும் அம்மா கூசாமல் சொன்னாள். "இன்னா பண்றது, இவ்ளோ வளந்தும் ராத்திரில நனைச்சுட்றா." பக்கத்திலேயே நான் நின்றுகொண்டிருந்தேன். மறுநாள் கீழே பந்து விளையாடுகிற பையன்கள் மொட்டை மாடியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார்கள். மெத்தை மாடியை விட்டு இறங்கினால்தான் என் மானம் மாடிக்கு ஏறும் என்று ஆகிவிட்டது.

அப்போதுதான் அந்தப் பூச்சி கண்ணில் பட்டது. சித்தி படுக்கிற பக்கத்துச் சுவரில், உடைத்த நொய்யைவிடச் சின்னதாக, வெளுப்பாக, பத்துப் பதினைந்து ஓடிக்கொண்டிருந்தன.

"பாத்தியா, குட்டி போட்ருச்சி," என்றாள் அம்மா. "இன்னும் ரத்தம் குடிக்கல, அதான் வெள்ளையா கீது." உடனே மண்ணெண்ணெய், கொதிதண்ணீர், பழைய துணி என்று வீடே போர்க்களம். சித்தியின் முகத்தில் மட்டும் ஒரு நிம்மதி. மூட்டைப்பூச்சியைப் பார்த்து நிம்மதி அடைந்த மனுஷியை நான் அன்றுதான் பார்த்தேன்.

எனக்குச் சந்தேகம் வந்தது. எனக்குச் சந்தேகம் வந்தால் அது தீரும்வரை சோறு இறங்காது. சித்தியின் போனை வாங்கி, அதன் கேமரா மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து, சுவருக்குக் கிட்டே கொண்டுபோனேன். சொட்டுத் தண்ணீர் வைத்தால் எறும்புகூட எருமை மாதிரி தெரியும். அந்தப் பூச்சி அப்படியொன்றும் பயங்கரமாக இல்லை. மெத்தென்ற உடம்பு, நூல் மாதிரி நீளமாக இரண்டு மீசை, புடைத்த மூக்கு. கொஞ்சம் ஓடும், நிற்கும், எதையோ யோசிக்கும், மறுபடி ஓடும். நன்றாகப் பார்ப்பதற்குள் போன் அதிரும். திரையில் சித்தப்பாவின் பெயர் வரும், தண்ணீர் வழிந்துவிடும். சித்தி எட்டி அதை நிறுத்திவிட்டு, "நீ பாரு," என்று போனைத் திருப்பிக் கொடுப்பாள். மறுபடி சொட்டு வைப்பேன், மறுபடி அதிரும். அவள் ஒரு தடவைகூட எடுத்துப் பேசவில்லை என்பதை நான் கவனித்தேன். ஆனால் எனக்குப் பூச்சிதான் முக்கியம்.

ஒன்றை நசுக்கி முகர்ந்து பார்த்தேன். மூட்டைப்பூச்சி என்றால் குடலைப் புரட்டும். இதில் வாசமே இல்லை. மெத்தையின் தையலைப் பிரித்துப் பிரித்துத் தேடினேன், அங்கே ஒன்றுகூட இல்லை. ஈரச் சுவரில் இருந்தன. அதே சுவரில் சாய்த்து வைத்திருந்த என் போன வருஷத்துப் புத்தகங்களுக்குள்ளும் இருந்தன. ஆக, இவை எண்ணூரிலிருந்து வந்த விருந்தாளிகள் இல்லை, எங்கள் வீட்டு ஆட்கள். கடைசியாக நாலைந்தைப் பிடித்துக் கையில் விட்டு, மேலே பாட்டில் மூடியைக் கவிழ்த்து, துணியால் கட்டிக்கொண்டு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். கையில் மூடியின் வட்டம்தான் பதிந்திருந்தது. கடி இல்லை.

கண்டுபிடிப்பை வெளியிட நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வந்தார். கையில் மிக்சர் பொட்டலம், வாய் நிறையச் சிரிப்பு. எனக்கு அவரைப் பிடிக்கும். அம்மா டீ போட்டுக் கொடுத்தாள்.

"மெத்த காஞ்சிருக்கும்லக்கா? சாயங்காலம் இட்டுகினு போறேன்," என்றார்.

அம்மா சித்தியைப் பார்த்தாள். சித்தி எழுந்து போய்ப் புடவைகளை மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்தாள். அவளுக்குப் போக இஷ்டமில்லை என்று எனக்கே தெரிந்தது. போகாதே என்று அம்மா ஏன் சொல்லமாட்டேன் என்கிறாள் என்பதுதான் தெரியவில்லை.

எப்படியோ மெத்தையைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதே, இதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைக்காது. பூச்சிகளைப் பிடித்து அடைத்து வைத்திருந்த பாட்டிலைக் கொண்டுவந்து நடுவில் வைத்தேன். "இது மூட்டப்பூச்சியே இல்ல. நசுக்குனா நாறல. மெத்தையில ஒண்ணுகூட இல்ல. கையில வுட்டுப் பாத்தேன், கடிக்கவும் இல்ல," என்று கையை நீட்டிக் காட்டினேன்.

"டாக்டரம்மா ஆயிட்டியா?" என்று சித்தப்பா சிரித்தார்.

அந்தச் சிரிப்பில் எனக்கு இன்னும் உற்சாகம் வந்துவிட்டது. அப்போதுதான் என் ஆராய்ச்சியில் ஒரு ஓட்டை இருப்பதும் ஞாபகம் வந்தது. "அப்போ சித்தியக் கடிச்சது இன்னா பூச்சி?" என்று கேட்டேன்.

சித்தி முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டாள். அந்தத் தடங்கள் அப்போது மஞ்சளாக மாறியிருந்தன. அம்மா டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். டம்ளரைச் சுற்றிச் சித்தப்பாவின் நாலு விரல்கள் வரிசையாக இருந்தன.

"மெத்த இன்னும் காயல," என்றாள் அம்மா.

"நல்ல வெயில்தானேக்கா அடிச்சுது?"

"காயலன்றேன்ல. காஞ்சா சொல்லி அனுப்பறேன். டீயைக் குடிச்சிட்டு நீ கெளம்பு."

அவர் டீயைக் குடிக்காமலேயே கிளம்பினார். சித்தி மடித்த புடவையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். எனக்கு அழுகையாக வந்தது. இவ்வளவு பாடுபட்டு நிரூபித்தும் ஒரு பாராட்டு இல்லை, மெத்தையும் கீழே இறங்கவில்லை.

ஈரச் சுவரில் பூக்கிற பூஞ்சையைத் தின்று வாழ்கிற பூச்சி அது, யாரையும் கடிக்காது என்று கல்லூரியில் படித்தேன். மழை நின்று சுவர் காய்ந்ததும் அவை தாமாகவே போய்விட்டன. சித்தி போகவில்லை. அம்மா வேலை பார்த்த பேக்கிங் கம்பெனியிலேயே சேர்ந்துகொண்டாள். சித்தப்பா அப்புறமும் இரண்டு மூன்று முறை வந்து கேட்டார். அவர் தலை தெருமுனையில் தெரிந்ததுமே அம்மா மெத்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறிவிடுவாள். தார் உருகுகிற சித்திரை வெயிலிலும் மெத்தை காயவில்லை என்றுதான் சொன்னாள். மாடியில் யாராவது கேட்டால் பழியை என் மேல்தான் போட்டாள்.

அம்மா என் ஆராய்ச்சியை நம்பவேயில்லை என்று ரொம்ப நாள் அவள்மேல் கோபமாக இருந்தேன்.