மாமனார் பிக்கப்பில் முன் சீட்டு

என்ஜின் ரிப்பேர் செய்தவனுக்கு, வண்டி ஓடினாலே நல்ல பெயர். வண்டியின் ஏர்கோன், அதாவது ஏசி, ரிப்பேர் செய்கிற எங்களுக்கு, வாடிக்கையாளரின் முதுகில் வேர்வை காய்ந்தால்தான் நல்ல பெயர்.

அதே தொழிலை நம் சகலையும் செய்தால் எப்படியிருக்கும் என்று சகலை உள்ளவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தொண்ணூறுகளில் பாச்சாங் என்ற ஊரில் எனக்கு ஒரு சின்னக் கடை. என் மனைவி சரோஜாவின் தங்கையைக் கட்டிய சேகர், கல்யாணமாகி மூன்றாம் வருஷம் அடுத்த ஊரான செங்கில் கடை திறந்தான். பக்கத்திலேயே தொழிற்சாலைகள், வாசலில் எந்நேரமும் நாலு வண்டி. பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியும். அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். திட்டவாவது ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

கண்ணாடி வேர்க்கவில்லை

தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் வேன்காரர் ஒருவர் 'ஏர்கோன் வீக்' என்று வந்தார். பெல்ட் மாற்றி, கசிவு அடைத்து, காஸ் ஏற்றி, காற்று வருகிற ஓட்டையில் தெர்மாமீட்டரைச் செருகிக் காட்டினேன். முள் அழகாக இறங்கி நின்றது. எனக்கே என்னைத் தட்டிக்கொடுக்க வேண்டும் போலிருந்தது.

மனிதர் முள்ளைப் பார்க்கவே இல்லை. முன் கண்ணாடியை விரலால் தேய்த்துப் பார்த்தார். விரல் நனையவில்லை. உதட்டைப் பிதுக்கிக்கொண்டு சொன்னார்: "முள்ளு எறங்குது, சரி லா. ஆனா கண்ணாடி வேர்க்கலியே தம்பி. செங்குல ஒங்க சகலை செஞ்சா, வைப்பர் போட்டுத் தொடைக்கணும்!"

பாடம் நடத்தினேன்

புது காஸ் வந்த சமயம் அது. சேகர் தன் போர்டில் அதைச் சிவப்பு எழுத்தில் எழுதி வைத்துவிட்டான். பாசாரில் காய்கறி விற்பவர் ஒருவர், பழைய பிக்கப் வண்டியோடு என்னிடம் வந்து அந்தப் புது காஸ்தான் வேண்டும் என்று நின்றார். பழைய வண்டிக்குப் பழைய காஸ்தான் ஒத்து வரும், புதுசு போட்டால் ஆயிலிலிருந்து ஹோஸ் வரை மாற்ற வேண்டும் என்று அரை மணி நேரம் விளக்கினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், என் செலவில் தேத்தண்ணி குடித்தார், நேராகச் செங்குக்குப் போய்விட்டார்.

அங்கே சேகர் ஒன்றுமே பேசாமல் பழைய காஸையே ஏற்றி அனுப்பியிருக்கிறான். மனிதருக்கு ஏக திருப்தி. பக்கத்தில் ரேடியேட்டர் கடை வைத்திருந்த ஆ லியோங்கிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்த சீனர், தமிழ் நம்மைப்போலவே பேசுவார். கையில் இருந்த வேலையை நிறுத்தாமல் சொன்னார்: "நீ பேசறே, அவன் செய்யறான். ஆளுக்குக் குளிருதான் வேணும் லா, பாடம் இல்ல."

முன் சீட்டு

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது எங்கள் மாமனார் வீட்டில் நடந்தது. தோட்டத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், புக்கிட் ரம்பாயில் குடியேறி, கல்யாண வீடுகளுக்கு நாற்காலியும் கூடாரமும் வாடகைக்கு விட்டு வந்தார். அதற்கு ஒரு பழைய பிக்கப். குடும்பமாகக் கோயிலுக்குப் போனால் மாமாவும் அத்தையும் மூத்த மாப்பிள்ளையான நானும் முன்னால், மற்ற எல்லாரும் பின்னால் கூடாரத் துணியின் மேல். பல வருஷமாக அந்தச் சீட்டு என்னுடையது. அதில் உட்கார்ந்து போகும்போது எனக்குக் கொஞ்சம் மிதப்பாகவே இருக்கும்.

அந்த வண்டியின் ஏர்கோன் காலையில் குளிரும், மத்தியானம் வெறும் காற்று ஊதும். மூன்று முறை காஸ் ஏற்றியும் எனக்குப் பிடிபடவில்லை. நாலாம் முறை மாமா வண்டியைச் சேகரிடம் கொடுத்துவிட்டார். அவன் முன்னால் ஒரு ஃபேன் கூடுதலாகப் பொருத்தினான். அடுத்த ஞாயிறு விடியற்காலையில் முனீஸ்வரர் கோயிலுக்குக் கிளம்பினோம். அந்த வேளையில் எந்த ஏர்கோன்தான் குளிராது? மாமா ஒரு முறை காற்றில் கையை வைத்துப் பார்த்தார். "சின்ன மாப்ளே, நீங்க முன்னாடி ஏறுங்க" என்றார்.

நான் பொங்கல் பானையைக் கட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். கண்ணில் தூசி, மடியில் பானை, மனசில் நெருப்பு. சரோஜா கலைந்த முடியை ஒதுக்கிக்கொண்டு, வேண்டுமென்றே கேட்டாள்: "இங்க காத்து நல்லா வருதுல்ல?"

வெள்ளிக்கிழமை சாம்பிராணி

சில வாரத்தில் மத்தியானக் குளிர் மறுபடியும் போய்விட்டது. மாமா தோளில் துண்டோடு, ஜன்னலைத் திறந்துவிட்டு ஓட்ட ஆரம்பித்தார். எனக்கு அன்று சாப்பாடு கூடுதலாக இறங்கியது.

ஒரு வெள்ளிக்கிழமை சரோஜாவை அழைத்துவரப் போனபோதுதான் அதைப் பார்த்தேன். அத்தை சாம்பிராணிச் சட்டியைப் பிக்கப்புக்குள், இடது சீட்டின் கீழே கால் வைக்கிற இடத்தில் வைத்தார். மாமா என்ஜினை ஓடவிட்டு, ஏர்கோன் ஃபேனை முழு வேகத்தில் திருப்பி, கதவைச் சாத்தினார். புகை வண்டி முழுக்கப் பரவினால்தான் நல்லதாம். நான் குனிந்து பார்த்தேன். ஏர்கோன் காற்றை உள்ளே இழுக்கிற வாய் சட்டிக்கு நேர் மேலே இருந்தது. வாரா வாரம் அந்தச் சாம்பல், காற்றைக் குளிர வைக்கிற ஈரமான காயிலில் போய் அப்பியிருக்கிறது. காஸுக்கும் ஃபேனுக்கும் சம்பந்தமே இல்லை. காற்று சரியாகப் போகவே வழியில்லை; விடியற்காலைக்கு அது போதும், உச்சி வெயிலுக்குப் போதாது.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சேகர் இன்னும் கொஞ்சம் திணறட்டும், மாமா தானாக என்னிடம் வரட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். மூன்று வாரம் கழித்துச் சேகர் போன் செய்தான். கம்ப்ரஸரையே மாற்றிவிட்டானாம், அப்போதும் வீக்தானாம், எனக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டான். "முன்னாடி கண்டென்ஸரைப் பாரு" என்று கூசாமல் பொய் சொன்னேன். அதற்கு அவன் சொன்னான்: "சரிண்ணே. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

காகிதத்தில் கொட்டினேன்

சேகர் கண்டென்ஸரை இரண்டு தடவை கழுவிப் பார்த்தும் பலனில்லை. கடைசியில் மாமாவே என்னைக் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை, வீட்டு வாசலில், எல்லாரும் பார்க்கட்டும் என்று அங்கேயே டேஷ்போர்டைப் பிரித்தேன். காயிலை வெளியே எடுத்துத் தட்டியபோது பழைய பேப்பரில் சாம்பல் கட்டி கட்டியாக விழுந்தது. சேகர் வாயைப் பிளந்தான். கழுவி மாட்டினேன். உச்சி வெயிலில் வண்டி ஜில்லென்று ஊதியது. நான் யாரையும் பார்க்காத மாதிரி கையைத் துடைத்துக்கொண்டு, பாராட்டுக்குக் காத்திருந்தேன்.

அத்தைதான் முதலில் பேசினார். "அன்னிக்கு வெள்ளிக்கிழம நான் சட்டி வைக்கறப்பவே குனிஞ்சு பாத்தீங்களே மாப்ளே, அப்பவே சொல்லியிருந்தா ஒங்க மாமா இத்தன நாளு வெயில்ல வேவாம இருந்திருப்பாரே?" அவர் குத்திக் காட்டவில்லை. வெகுளியாகத்தான் கேட்டார். மாமா என்னைப் பார்த்தார். சரோஜா பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. நான் துடைத்த கையையே மறுபடியும் துடைத்தேன்.

"இல்லத்தே, பிரிச்சுப் பாக்காம எப்படிச் சொல்ல முடியும்? அண்ணனுக்கு அப்ப சந்தேகமாத்தான் இருந்திருக்கும்" என்றான் சேகர். நான் சொன்ன பொய்யை நம்பிக் கண்டென்ஸரைக் கழுவியவன் அவன். அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று அவன் முகத்திலேயே தெரிந்தது. மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, "பெரிய மாப்ளே, முன்னாடி ஏறுங்க, ஒரு சுத்து போய்ட்டு வருவோம்" என்றார். சேகர் தானாகவே பின்னால் ஏறிக்கொண்டான். ஆசைப்பட்ட சீட்டு, முகத்தில் அடிக்கிற குளிர். ஆனாலும் எனக்கு வேர்த்து ஊற்றியது. பின்னால் வெயிலில் நின்றிருந்த சேகர், பின் கண்ணாடியைத் தட்டிச் சிரித்துக்கொண்டே கேட்டான்: "அண்ணே, குளிரு எப்படி?"

பொறாமைப்படுவதாக இருந்தால் தாராளமாகப் படுங்கள், ஆனால் நல்ல மனசுக்காரனைப் பார்த்து மட்டும் படாதீர்கள். ஜெயித்தாலும் தோற்ற மாதிரிதான் இருக்கும்.