ஈரத் தரை

நர்ஸம்மா இருந்தாங்க. காது கேட்காத ஒரு கிழவர் இருந்தார். தரை துடைக்கிற நான். சக்கர நாற்காலியில் அந்த அம்மா. நியூஜெர்சியில் ஒரு முதியோர் இல்லம், மத்தியான நேரம்.

அந்த அம்மா ஒரு காலத்தில் டான்ஸ் பேண்ட் குழு ஒன்றில் ஜாஸ் பாடினவர். இப்போது கண் தெரியாது. குரலை உயர்த்தவே மாட்டார். கேட்க வேண்டுமென்றால் மாப்பை நிறுத்தணும். நிறுத்துவேன்.

"கொஞ்சம் சத்தமா பாடுங்களேன், ஆன்ட்டி" என்றேன், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில்.

"கத்தினா கிட்ட வரமாட்டாங்க. என் பேண்ட் ஆளுங்க எட்டுப் பேரும் செத்துட்டாங்க. ஏழு பேர் தினம் வர்றாங்க. டிரம்பெட்காரன் மட்டும் வரலை. உயிரோட இருந்தப்பவே லேட்டாத்தான் வருவான். இன்னிக்கு எத்தனை பேர் வந்தாங்கன்னு நீ எண்ணிச் சொல்லு."

சிரித்தேன். அவர் பாடி முடித்தார்.

நாங்கள் யாரும் நகரவில்லை. துடைத்த ஈரத்தில், நாற்காலியைச் சுற்றி, ஜோடி ஜோடியாக ஷூ தடம்.

"எத்தனை?" என்றார்.

எட்டு ஜோடி.