பாய்கிற கை அவளுடையது

நடக்கிற கை என்னுடையது. பாய்கிற கை அவளுடையது. ஒரே விசைப்பலகைக்கு முன்னால் இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளை நெருக்கிப் போட்டு, வலப்பக்கம் நானும் இடப்பக்கம் என் மச்சாளும் இருந்தால்தான் எங்கள் விளையாட்டு நடக்கும். அம்புக்குறி போட்ட விசைகள் என் வலக்கைக்கு. பாய்வதும் சுடுவதும் அவளுடைய இடக்கைக்கு. திரையில், தலைக்கவசம் மாட்டிய ஒரு பெட்டை, என் சுண்டுவிரல் உயரமும் இல்லாதவள், பாதாளத்துக்குள் தனியே போய்க்கொண்டிருப்பாள். அந்த ஓர் உடம்பை நாங்கள் இரண்டு பெண்கள் சண்டை பிடித்துப் பிடித்து ஓட்டினோம்.

“இடப்பக்கம் கிறுகு புள்ள, கிறுகு!”

“கிறுகிட்டன். நீ பாயன்.”

“நீ விளிம்புக்கு வந்தாத்தானே நான் பாயலாம். நடுவுல நிண்டு சாமி கும்பிடுறா!”

இது ஆசைக்கு வந்த ஏற்பாடு இல்லை. டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள் கடல் வந்ததே, அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுடைய வலக்கை முறிந்தது. பிளாஸ்டர் போட்ட கையை நெஞ்சோடு குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். அன்றிலிருந்து அவளுடைய வலக்கை நான்.

அவள் என் மாமாவின் மகள். எனக்கு ஒத்த வயது. பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். பிறகு என் அண்ணனைக் கட்டினாள். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்வீட்டுக்குப் போவான். அப்படித்தான் அண்ணன் புளியந்தீவிலிருந்து கல்லடிப் பாலத்தைத் தாண்டி, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் நீளக் கிடக்கிற மணலில் இருந்த அவள் வீட்டுக்குப் போனான். புளியந்தீவில் அம்மா இருந்த வீடு எனக்கு வந்தது. கடல் வந்த அன்று அண்ணன் சந்தைக்கு வந்திருந்தான். வீடு போனது. மாமி, அவளுடைய அம்மா, போனா. அவள் எப்படி மிஞ்சினாள் என்பதை அவள் சொல்லவில்லை. நாங்கள் கேட்கவும் இல்லை.

புருசனும் பெண்சாதியுமாகப் புருசனின் தங்கச்சி வீட்டில் வந்து தங்குவது எங்கள் ஊருக்குத் தலைகீழ். நான் அதை நினைக்கவே இல்லை. அவள் நினைத்தாள். விடிந்ததும் முதல் ஆளாக ஒழும்பி முற்றம் கூட்டினாள். துணி தொங்கவிடச் சுவரில் ஓர் ஆணி அடிப்பதற்கு என்னிடம் வந்து கேட்டாள்.

“அடியன். இதென்ன கேள்வி?”

“உன்ட சுவரெல்லோ.”

அந்த ஆணியை அவள் அடிக்கவில்லை. துணிகள் கதிரை முதுகில் மடித்தபடியே இருந்தன.

நகரத்தில் அவள் படிப்பித்த கணினி வகுப்பில் ஒரு பழைய கணினிப் பெட்டியைக் கழித்துவிட்டார்கள். அது எங்கள் வீட்டு மூலைக்கு வந்தது. அதோடு விளையாட்டும் வந்தது. விளையாட்டு என்றால் கம்பனி செய்து விற்ற ஒன்று அல்ல. அந்த ஒன்றை வைத்து ஆட்கள் செய்த மற்றவை. உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற சிலர், சின்ன வயதில் தாங்கள் மாய்ந்து மாய்ந்து விளையாடிய விளையாட்டின் வயிற்றைத் திறந்து, சுவர்களை நகர்த்தி, கதவுகளை ஒளித்து, புதுப் பாதாளம் கட்டி, சும்மா கொடுத்துவிடுகிறார்கள். யாருக்கு என்று தெரியாது. மட்டக்களப்பில் இரண்டு பெண்கள் குந்திக்கொண்டிருப்பார்கள் என்று அவர்களில் ஒருவருமே கனவு கண்டிருக்க மாட்டார்கள். மாற்றியவை எல்லாம் ஒரு ஃப்ளொப்பிக்குள் அடங்குகிற அளவுதான். வகுப்பில் தொலைபேசி இணைப்பு ஊர்ந்து ஊர்ந்து இறக்கியதை அவள் கைப்பைக்குள், சீப்புக்கும் பேருந்துச் சீட்டுக்கும் நடுவில், வீட்டுக்குக் கொண்டுவருவாள். பழைய விளையாட்டின் மேல் அதை ஏற்றினால் அதே பெட்டை, அவள் சுடுகிற அதே துவக்கு, அதே கிணுகிணு இசை. இடம் மட்டும் வேறு.

மரவேலை செய்கிற ஓடாவிமார் ஒவ்வொருவருக்கும் ஒரு கைப்பாங்கு உண்டு, கதவைப் பார்த்தே இது யாருடைய வேலை என்று சொல்லிவிடலாம். மச்சாள் இந்தப் பாதாளக்காரர்களையும் ஓடாவி என்றுதான் சொன்னாள். பெயர் தெரியாத அவர்களைக் கைவேலையால் தெரிந்துவைத்திருந்தோம். ஒருவன் ஒடுங்கிய பாதையாகவே கட்டுவான். இன்னொருவன் கெட்டவன், நிலம் மாதிரிக் காட்டி, கால் வைத்தால் உள்ளே விழுத்துவான். வேறொரு ஆள், பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று நாங்கள் தீர்மானித்திருந்தோம், கடினமான ஒவ்வோர் அறைக்கும் முன்னால் பெட்டை எடுத்துக்கொள்ளக் கொஞ்சம் உயிரை ஒரு மூலையில் வைத்துவிட்டுப் போயிருப்பாள். சோறு மூடி வைத்துவிட்டுப் போகிற மாதிரி.

“இவ நல்ல மனிசி,” என்பாள் மச்சாள்.

“ஆம்பிளையெண்டா?”

“அப்ப நல்ல தாய் வளத்த புள்ள.”

சுவர் முழுக்கச் சுட்டுப் பார்ப்பதுதான் இந்த விளையாட்டின் பழக்கம். எந்தச் சுவருக்குப் பின்னாலும் வழி இருக்கலாம். அண்ணனுக்கு வெல்லாவெளியில் அரசாங்கக் கந்தோரில் வேலை. பின்னேரம் களைத்து வந்து, சேர்ட்டைக் கழற்றாமல் எங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்பான்.

“என்ன, அந்தப் பெட்டை இன்னும் வீடு வந்து சேரல்லியா?”

“இஞ்சேருங்க, சும்மா நிண்டு வெளிச்சத்த மறைக்காம தேத்தண்ணி ஊத்துங்க.”

“நான் உழைச்சுப்போட்டு வாறன், இவங்க சுவருக்குச் சுடுறாங்க!” முணுமுணுத்துக்கொண்டு போவான். போய் ஊற்றுவான்.

ஒன்றே ஒன்றுதான் எங்களால் முடியாமல் இருந்தது. பாதாளத்தின் அடியில் தண்ணீர் அறைகள் வரும். நீல நிறம் திரையில் ஏறியதும் அவளுடைய இடக்கை விசையை விட்டு எழுந்துவிடும். அவள் எடுப்பதில்லை. அதுவாக எழும். தண்ணீருக்குள் பாய்கிற விசையை விடாமல் தட்டினால்தான் பெட்டை நீந்தி மேலே வருவாள். கை எழுந்தால் தாழ்வாள். அடியில் முள். எத்தனை அழகான பாதாளமாக இருந்தாலும் தண்ணீர் வந்த இடத்தோடு எங்களுக்கு அது முடிந்தது. “காணும், வேற போடுவம்,” என்பாள். நானும் ஓம் என்பேன். அவள் கல்லடிப் பாலத்தையும் தாண்டுவதில்லை. வீடு நின்ற தன் வளவு என்ன கோலத்தில் கிடக்கிறது என்று ஒருநாள் போய்ப் பார்த்ததில்லை. அதற்கும் நான் ஓம் என்றுதான் இருந்தேன்.

பிறகு நாட்டில் சண்டை மறுபடி மூண்ட காலம். ஹர்த்தால் என்றால் கடைகள் பூட்டு, வகுப்பும் பூட்டு. நகரத்துக்குள்ளிருந்து வாவிக்கு மேலால் படுவான்கரைக்கு ஆமி அடிக்கிற ஷெல் போகும். ஜன்னல் கண்ணாடி அதிரும். வெல்லாவெளி அந்தக் கரையில்தான் இருக்கிறது. அண்ணனின் சைக்கிள் மணி கேட்கும்வரை எங்கள் இருவருக்கும் கை வேலையாக இருக்க வேண்டும். திரையில் பெட்டை மட்டும் அதிராமல் நடப்பாள். நான் அவளைப் பார்த்து நடக்கப் பழகினேன் என்று சொன்னால் கூடிப்போகும். ஆனால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாட்களில்தான் மச்சாள் தானே ஓடாவியானாள். பாதாளத்தைத் திறந்து மாற்றுவதற்கும் ஒரு கருவியை யாரோ செய்து சும்மா விட்டிருந்தார்கள். கை ஆறியிருந்தது, விளையாட மட்டும் பழைய ஏற்பாடுதான். பகல் முழுக்கத் தனியே இருந்து ஏதோ செய்தாள். என்னைக் கிட்ட வர விடவில்லை. கடைசியில் ஒரு பின்னேரம் கூப்பிட்டாள்.

“வா. இது நான் கட்டினது.”

அவள் எதையும் கட்டவில்லை. பழைய விளையாட்டில் இருந்த தண்ணீர் முழுவதையும் வடித்திருந்தாள். அறை அறையாக, நீலம் ஒரு பொட்டு இல்லாமல். நாங்கள் முதல் தடவையாகப் பாதாளத்தின் அடிவரை போனோம். எத்தனை அறைகள்! முன்பு நீலத்துக்குள் மங்கலாகத் தெரிந்த தூண்கள், படிகள், மூலைகளில் மினுங்குகிற பாசி. அவள் சிரித்துக்கொண்டு சுட்டாள். நான் ஓடினேன். ஓடிய வேகத்தில் பெட்டை கிணறு மாதிரி ஆழமான ஒரு நீளக் கிடங்குக்குள் விழுந்தாள். முள்ளில்லை. சாகவில்லை. சுற்றிவர வழுக்குச் சுவர்.

“மச்சாள், இதால ஏற வழியில்ல.”

“இரிக்கும். சுவருக்குச் சுடுவம்.” சுட்டாள். ஒன்றும் திறக்கவில்லை. பாய்ந்தாள். பாதி உயரம்கூட எட்டவில்லை.

“மத்த ஆக்கள் இதால எப்பிடி ஏறுவாங்க?” என்றேன்.

அவள் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “நீந்தி,” என்றாள்.

எனக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன். முடியவில்லை. அவளுக்கும் பற்றிக்கொண்டது. கதிரை சரிய சரியச் சிரித்தோம். அந்த நேரம் பார்த்து அண்ணன் வந்தான்.

“என்ன, ரெண்டு பேருக்கும் பேய் புடிச்சிட்டா?”

“உன்ட பொண்டாட்டி கடலைக் காய வச்சிட்டா, அண்ணன். இப்ப ஏறி வர வழியில்லாம நிக்கிறம்.”

சொன்ன பிறகுதான் சொன்னது எனக்குக் கேட்டது. அண்ணன் என்னைப் பார்த்தான். மச்சாள் சிரிப்பை விட்டுவிட்டு முகத்தைத் துடைத்தாள்.

“என்னயும் தண்ணிதான் மேல தூக்கினது,” என்றாள்.

அன்றுதான் சொன்னாள். பக்கத்து வளவில் பாதி கட்டிய மாடிவீடு ஒன்று இருந்தது. தண்ணீரைக் கண்டதும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே ஓடினாள். மாடிக்குப் போகிற படி வீட்டுக்குள்ளே. கதவு தண்ணீரின் பாரத்தில் இறுகிவிட்டது. இரண்டு பேரும் தள்ளினார்கள். இரண்டாவது அலையில் அம்மாவின் கை கழன்றது. அவளைத் தண்ணீர் சுவரோடு சுவராக மேலே ஏற்றி மாடியின் விளிம்பில் கொண்டுபோய் விட்டது. மேலே நின்ற ஒருவர் வலக்கையைப் பிடித்து இழுத்தார். அதில்தான் கை முறிந்தது.

“படி கதவுக்கு உள்ளுக்கு இரிந்ததுதான் பிழை,” என்றாள். “படி வெளியால இரிந்திருந்தா...”

அண்ணன் அவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தான். நான் எழுந்து தேநீர் வைக்கப் போனேன். அன்றைக்கு அந்த வேலை எனக்கு.

சண்டை முடிந்தது. பாலத்துக்கு அப்பால் காணி பார்க்க வெளியூர்க்காரர்கள் வாகனங்களில் வந்தார்கள். கடற்கரையில் ஹோட்டல் கட்ட வேண்டுமாம். அவளுடைய வளவையும் ஒருவர் கேட்டார். காணி உறுதிப் பத்திரம் அவள் பெயரில். அவள் ஒப்பம் வைத்தால் முடிந்தது.

“நீ அந்தப் பக்கம் போகப்போறதில்ல,” என்றான் அண்ணன், மெதுவாக. “வச்சிரிந்து என்ன செய்ற?”

விற்றால் அவளுக்கு இனி வீடில்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும். காசுக்கு வேறு வீடு வாங்கலாம்தான். அது தாய் கொடுத்த வீடு ஆகாது. அந்த வளவிலேயே கட்டினால், இரவும் பகலும் தண்ணீருக்கு நடுவில்.

“கொஞ்சம் பொறுங்க,” என்றாள்.

பிறகு கணினிக்கு முன்னால் போய் இருந்தாள். தான் வடித்த தண்ணீரை அறை அறையாகத் திரும்ப ஊற்றினாள். ஆனால் ஒரு சட்டம் வைத்தாள்: தண்ணீர் இருக்கிற எந்த அறைக்கும் மேலால் ஒரு வழி. கதவில்லாத வழி. ஒவ்வொரு நீலத்துக்கும் மேலே ஒரு சின்ன விளிம்பு. அதுதான் உண்மையில் அவள் கட்டியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு, என்னைக் கூப்பிட்டாள். நடந்தோம். அந்த நீளக் கிடங்கின் விளிம்புக்கு வந்தோம். கீழே நீலம் தளம்பியது. நான் நின்றேன்.

“போ,” என்றாள். “விளிம்புக்கு வந்தாத்தானே பாயலாம்.”

விழுந்தோம். அவளுடைய கை எழுந்தது. அரை விரல் உயரம், விசைக்கு மேலே நின்றது. பெட்டை தாழ்ந்துகொண்டிருந்தாள். நீந்துகிற அறையில் நடக்கிற கைக்கு வேலையில்லை. நான் சும்மா இருந்தேன். என் வாழ்நாளில் செய்த மிகக் கடினமான வேலை அதுதான் என்று நினைக்கிறேன். கை இறங்கியது. தட்டியது. விட்டு, மறுபடி தட்டியது. பெட்டை நீலத்துக்குள் ஓர் எட்டு, இன்னும் ஓர் எட்டு என்று ஏறி, விளிம்பைத் தொட்டு, தலைக்கவசத்தில் தண்ணீர் வடிய நின்றாள்.

மச்சாள் கையை உதறினாள். “விரல் வலிக்குது,” என்றாள். “நாளைக்குப் பாலத்தால போவம்.”

நடந்துதான் போனோம், ஓட்டோ வேண்டாம் என்றாள். பாலத்தின் நடுவில் என் கையை நசுக்கிப் பிடித்தாள். வளவில் மணல் மூடிய கிணறும், மாமி சமைத்த குசினித் தரையில் ஒரு துண்டும், காய்த்த தென்னைகளும் இருந்தன. அவள் குசினித் தரையில் ஏறி நின்று கடலைப் பார்க்காமல் மேலே ஆகாயத்தைப் பார்த்தாள், உயரம் அளக்கிற மாதிரி.

காணி கேட்டவருக்கு இல்லை என்று சொல்லி அனுப்பினாள். வீடு கட்ட மேசன் வந்தார்.

“மாடிப்படி வெளியால வேணுமா தங்கச்சி? மழை நனையும், கள்ளன் ஏறுவான்.”

“ஏறட்டும். கதவு வச்சிராதீங்க.”

வீடு முடிய நெடுநாள் எடுத்தது. முடிந்த அன்று அண்ணன் தன் பழைய உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் வாசலில் நின்றான். “ஊரிலயே நான்தான், ஒரே பொம்பிளைக்கு ரெண்டு தரம் மாப்பிள்ளை போறன்.” கணினியும் அவர்களோடு போனது. அது மச்சாளுடையதுதானே. காலியான மூலையில் நான் ஒரு மேசை போட்டு, எங்கள் இருவரின் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். ஒன்றும் வரவில்லை. வலக்கை மட்டும் இருந்தால் பெட்டை நடப்பாள், பாயமாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பாலம் தாண்டிப் போனேன். உள்ளே சுவர் முழுக்க ஆணி. ஒவ்வோர் ஆணியிலும் ஏதாவது தொங்கிற்று: துணி, குடை, பை, சும்மா ஒரு கயிறு. ஆளைக் காணவில்லை. வெளியே வந்து நிமிர்ந்தேன். படியின் உச்சியில் நின்றாள். பின்னால் கடல் இரைந்தது.

“வெளியால ஏறி வா, புள்ள. பாத்து, நடுப் படியொண்டு உசரம். மேசன் பிழை விட்டுட்டான். அதில பாயணும்.”

“பாயிறது உன்ட வேலை. நான் நடக்கிற ஆள்.”

“வந்துட்டா கதைக்க!” என்று வைதபடி இறங்கி வந்து, அந்த உயரப் படிக்கு மேலே குனிந்து, வலக்கையை நீட்டினாள்.