செவ்வரத்தைக்குப் போட்ட உப்பு

அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவதற்கு முந்தின கிழமை, முன்வேலியின் உக்கிப்போன தென்னோலைக் கிடுகுகளைப் பிரித்துவிட்டு அந்த இடத்தில் வரிசையாகச் செவ்வரத்தைக் கம்புகளை நட்டார். செம்பருத்தியைத்தான் எங்கள் பக்கம் செவ்வரத்தை என்பார்கள். வருடா வருடம் கிடுகு மாற்ற ஆள் தேடி யார் அலைவது என்பது அவர் சொன்ன காரணம். விமானம் ஏறப் போகிறவர் கம்பு நட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்து அயலில் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு, எப்போது வருவீர்கள் என்று அரித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது எட்டு வயது.

“இந்த வேலி உன்ட தோளுக்கு வாறத்துக்குள்ள வந்திருவன் மகள்” என்றார்.

பெரியவர்கள் ஒரு பேச்சுக்குச் சொல்வதைப் பிள்ளைகள் சத்தியமாக எடுத்துக்கொள்வார்கள். பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் வேலியோடு ஒட்டி நின்று அளந்தேன். கம்புகள் துளிர்த்து என் முழங்காலுக்கு வந்தன. பிறகு, போதும் என்று நின்றுவிட்டன. அதைவிடப் பெரிய கொடுமை, நான் வளர்ந்துகொண்டிருந்தேன். அடுத்த வளவில் இருந்த சின்னம்மா, அம்மாவின் தங்கை, அவர்தான் என்னைப் பார்த்துக்கொண்டார். என் பள்ளிச் சட்டை கட்டையாகிவிட்டதென்று அவர் மடிப்பைப் பிரித்து இறக்கித் தைத்த அன்று நான் விம்மி விம்மி அழுதேன். ஏனென்று யாருக்கும் விளங்கவில்லை.

அந்த நாட்களில்தான் அப்பா வளவுக்குள் தென்னம்பிள்ளை வைத்தார். குழிக்குள் இரண்டு கை உப்பு அள்ளிப் போட்டுத்தான் வைத்தார். எங்கள் வாவிக்கரையில் அப்படித்தான் வைப்பார்கள். பிள்ளைகள் மளமளவென்று ஓலை விட்டன. எனக்கு வேறென்ன வேண்டும்? சின்னம்மாவின் அடுப்படியிலிருந்து உப்புச் சாடியைத் தூக்கிக்கொண்டு போனேன். தென்னைக்கு இரண்டு கை என்றால், அவசரமாக வளர வேண்டிய செவ்வரத்தைக்கு மூன்று கையாவது வேண்டாமா?

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. பத்து நாளில் இலைகளின் ஓரம் நெருப்புப் பட்டதுபோல் கருகியது. மொட்டுகள் விரியாமலே உதிர்ந்தன. வவுணதீவு வயல்வட்டையிலிருந்து வந்த அப்பா, வேளாண்மைக்கு வரும் நோயெல்லாம் வேலிக்கும் வரும் என்ற நம்பிக்கையில் மருந்து அடித்தார். சின்னம்மாவோ இது கண்ணூறுதான் என்று முடிவுகட்டி, உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றிப்போடப் போனார். சாடியில் உப்பு இல்லை.

வெள்ளிக்கிழமை அம்மாவின் அழைப்பு வந்தது. வேலி சாகப்போகுது என்று அழுதேன். அம்மா ஒரு வைத்தியரைப்போல் விசாரித்தார்.

“எந்த இலை காயுது? கொழுந்தா, முத்தின இலையா?”

“முத்தின இலை.”

“பின்பக்கம் பஞ்சு மாதிரி வெள்ளையா ஒட்டியிருக்கா?”

“இல்ல.”

“ஓரத்தால கருகுதா?”

“ஓம்.”

“அடியில என்னத்தப் போட்ட புள்ள?”

சொல்லிவிட்டேன். அவர் சிரித்த சிரிப்பு போனுக்கு வெளியிலும் கேட்டது. அப்பா போனை வாங்கி, “வேலி பயிர மேய்ஞ்ச கதை கேட்டிருக்கம். இஞ்ச பயிர் வேலிய மேய்ஞ்சிருக்கு” என்றார்.

அம்மா சொன்னபடி மேல்மண்ணைச் சுரண்டி அள்ளி வாவிப் பக்கம் கொட்டினோம். காலையும் மாலையும் கிணற்றுத் தண்ணீரை வேரடி கழுவிப் போகுமட்டும் ஊற்றினேன். வைக்கோல் பரப்பினேன். நகத்தால் தண்டைக் கீறிப் பார்க்கச் சொல்லியிருந்தார். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறதாம். ஒவ்வொரு தண்டிலும் பச்சை இருந்தது. அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகள் முழுவதும் வேலிப் பேச்சுத்தான். புதுக் கொழுந்து எங்கே வந்தது, எந்தக் கம்பு பின்தங்கி நிற்கிறது என்று எல்லாம் கேட்பார். சில வெள்ளிகளில் இல்லாத நோயையும் இருப்பதாகச் சொன்னேன். நோய் இருந்தால் பேச்சு நீளும். அந்தக் குரல் இன்னும் இரண்டு நிமிடம் காதுக்குள் இருக்க வேண்டும் என்று எவ்வளவு ஏங்கினேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

அடுத்த மாரி மழை முடிந்தபோது வேலி எழும்பி நின்றது. நான் வளர்ந்ததையும் முந்திவிட்டது. அன்றைக்குப் போனைச் சின்னம்மாவின் கையிலிருந்து பறித்தேன்.

“அம்மா, தோளுக்கு வந்திட்டு!”

மறுமுனையில் யாருடையதோ ஒரு குழந்தை அழுதது. அம்மா அதை ஆற்றும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னார்: “அப்ப நுனிய வெட்டு மகள். இடுப்பளவுக்கு வெட்டி விடு. வெட்டினாத்தான் அடியில அடர்த்தியா வரும்.”

அதுவும் சரியான வைத்தியந்தான். அந்த வேலி போல அடர்த்தியான வேலியை எங்கள் ஊர் அமிர்தகழியில் பிறகு நான் பார்க்கவில்லை. ஆனால் கத்தி கேட்டபோது சின்னம்மா, “வளந்தத என்னத்துக்குப் புள்ள வெட்டுற” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். திரும்ப வரவேயில்லை. நானே எடுத்து வந்து ஒரு தலைப்பிலிருந்து மறு தலைப்புவரை வெட்டினேன். அப்பா வேலிப் படலையடியில் நின்று பார்த்தார்.

இன்னும் இரண்டு வருடம் அங்கேயே இருக்க அம்மா சம்மதித்துவிட்டது அவர்கள் இருவருக்கும் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம், அம்மா ஒரு வேலை சொல்லியிருக்கிறார், அதைத் திறமாகச் செய்து காட்ட வேண்டும் என்பதுதான். அவர் இடுப்பளவுக்கு என்றார். நான் இன்னும் கொஞ்சம் கீழே இறக்கியே வெட்டினேன்.