இருட்டில் உட்கார்ந்திருந்த கப்பல்காரன்

கடலே இல்லாத கண்டியில் கப்பல் பரீட்சை. அதில் என் மகன் தோற்றுப்போனான். முருகா, இதை எங்கே போய்ச் சொல்வது?

வடக்கே சண்டை நடந்துகொண்டிருக்கிற காலம். பிலிமத்தலாவையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் நிற்பவன் நான். மகன் கண்டி டவுனில், துணிக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிற ஒரு இடத்தில் கப்பல் எஞ்சின் படிக்கிறான். அங்கே சிமியுலேட்டர் என்று ஒரு அறை. கப்பலின் எஞ்சின் அறையில் உள்ள சுவிட்சுகள், மணிகள், சிவப்பு விளக்குகள் எல்லாம் அங்கேயும் உண்டு. எஞ்சின் மட்டும் கம்ப்யூட்டருக்குள் ஓடும். அங்கே பாஸ் பண்ணினால்தான் கப்பலில் ஏற எழுதிக் கொடுப்பார்கள்.

"பொய்க் கப்பல்ல தோத்தா நெசக் கப்பலு கெடைக்காதாமா? நல்லா இருக்கு நாயம்!" என்றாள் என் மனைவி.

நான் லீவு போட்டுவிட்டு அங்கே போனேன். பரீட்சை வைத்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், பல வருடம் கப்பலில் இருந்தவர். மரியாதையாக உட்காரக் கதிரை தந்தார்.

"ஐயா, உங்கட மகன் கெட்டிக்காரன். எழுத்துச் சோதினையில அவர்தான் முதல். ஆனா நான் கப்பலின்ர கரண்டை நிப்பாட்டி, அறை லைட்டையும் அணைச்சுப்போட்டுப் பார்த்தன். ஓடிப்போய் மற்ற ஜெனரேட்டரைப் போடவேணும். இவர் கையைக் கட்டிக்கொண்டு இருந்திட்டார்."

"கண்டியில கரண்ட் போறது புதுசுங்களா சார்? வரும்னு இருந்திருப்பான்."

"நடுக்கடலில ஆர் ஐயா வந்து தாறது? அவர்தானே தரவேணும்."

"இன்னொரு வாட்டி..."

"அடுத்த மாசம் ஒருக்கா வைக்கலாம். அதிலயும் விட்டால் என்னால ஏலாது."

வீதிக்கு வந்தும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. படித்ததெல்லாம் சரி, உட்கார்ந்திருந்ததுதான் பிழையாம்.

உட்காராமல் வேறு என்ன செய்வான்? தமிழர் வீடுகளை எரித்த கலவர வருடம் நாங்கள் கம்பளையில் இருந்தோம். இவன் கைக்குழந்தை. சனம் கூச்சலிட்டுக்கொண்டு ரோட்டில் போனபோது விளக்கை அணைத்துவிட்டு மூச்சுக் காட்டாமல் கிடந்தோம். முருகன்தான் இவனை அழாமல் பார்த்துக்கொண்டான். அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். வெளிச்சம் போனால் அவரவர் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். டோர்ச் அடிக்கக்கூடாது, கதவைத் திறக்கக்கூடாது. மனதுக்குள் முருகன் பெயரைச் சொல்ல வேண்டும். சண்டை தொடர்ந்ததால் பழக்கமும் விட்டுப்போகவில்லை. இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது, அந்த மனிதருக்குத் தெரிய?

கூடப் படிக்கிற பொடியன்கள் வேறு. "மச்சான், கப்பல் முங்கட்டும், நீ கும்பிட்டுக்கிட்டே இரு" என்றார்களாம். மகன் சிரித்துக்கொண்டேதான் இதை என்னிடம் சொன்னான். அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

சரி, வீட்டிலேயே பழக்குவோம் என்று முடிவெடுத்தேன். விளக்கு வைத்துக் கும்பிட்ட பிறகு, சொல்லாமல் கொள்ளாமல் மெயின் சுவிட்சை இறக்குவேன். அவன் எழும்பிப் போய் அதைத் திரும்பப் போட வேண்டும். அவ்வளவுதான்.

முதல் நாள் அசையவே இல்லை. அடுத்த நாள் எழும்பினான், அவன் அம்மா இடுப்புச் சாரத்தைப் பிடித்து இழுத்து உட்காரவைத்துவிட்டாள். "ஏன்டி, நான்தானே அணைச்சேன்!" என்று கத்தினேன். "தெரியுதுங்க, கை கேக்க மாட்டேங்குது" என்றாள். அவளை அடுப்படிக்கு அனுப்பினேன்.

இரண்டாம் பரீட்சை நெருங்கிவிட்டது. நேற்றும் சுவிட்சை இறக்கிவிட்டு வந்து கதிரையில் உட்கார்ந்தேன். மகன் உடனே எழும்பினான். கதிரை நகர்ந்தது, காலடி கேட்டது. நல்ல பிள்ளை, போய்விடுவான் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து வெளியே ரோட்டில் யாரோ நாலைந்து பேர் சத்தமாகப் பேசிக்கொண்டு போனார்கள்.

"உக்காருடா!"

சொன்னது நான்தான். அடிக்குரலில், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். நான் அணைத்த வெளிச்சத்தைப் போய்ப் போட எனக்கும் கால் வரவில்லை.